ஹெட்ஃபோன் பார்க்கும் படலம்

டிஜேக்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். விளக்கெல்லாம் கண்ணைக் குத்துகிற மேடையில், ஒரு காதை மூடி ஒரு காதைத் திறந்து வைத்துக்கொண்டு, கழுத்து சுளுக்கிக்கொள்ளுமோ என்று நாம் கவலைப்படும் அளவுக்குத் தலையை ஆட்டி, ஒரு மண்டபத்தையே வியர்க்க வியர்க்க ஆடவைத்துவிட்டு, சாப்பிட்டுக் கைகழுவி வீட்டுக்குப் போய்விடுகிறவர்கள். அவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. பிழைக்கத் தெரிந்தவர்கள், பிழைத்துப் போகட்டும். நான் சொல்ல வந்த பிறவி வேறு. டிஜே ஆவதென்று முடிவு செய்து, அதற்கு முதலில் ஒரு நல்ல ஹெட்ஃபோன் வேண்டுமே என்று கடைக்குப் போய், அப்படியே அங்கே தங்கிவிட்டவர்.

இவர் இல்லாத தெரு கிடையாது. கண்டுபிடிப்பதும் சுலபம். எங்கேயாவது பாட்டுப் போட்டு ஆடுகிறார்கள் என்றால் எல்லோரும் ஆடுகிறவர்களைப் பார்ப்பார்கள். இவர் மட்டும் டிஜேயின் காதைப் பார்ப்பார். பார்த்துவிட்டு, துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி உதட்டைப் பிதுக்கி, "அடடா, இதையா வாங்கினான்? கீல் பிளாஸ்டிக்காச்சே! பாவம், எடுத்துச் சொல்ல ஆள் இல்லை போல," என்பார். அந்தப் பாவப்பட்ட ஜீவன் மேடையில் நின்று ஊரையே ஆட்டிவைத்துக்கொண்டிருக்கும். அனுதாபப்படுகிறவர் கீழே ஓரமாக, கையில் காலித் தட்டோடு நின்றுகொண்டிருப்பார்.

டிஜேக்கு ஹெட்ஃபோன் எதற்கு? என்னைக் கேட்டால் ஒரே வரியில் சொல்லிவிடுவேன். மண்டபத்துக்கு ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த பாட்டை அவர் மட்டும் காதுக்குள் ரகசியமாகக் கேட்டு, தாளத்தோடு தாளம் சேருகிற இடம் பார்த்து, பழையதை இறக்கிப் புதியதை ஏற்றுவதற்கு. ஆனால் இவரிடம் கேட்டுப் பாருங்கள். கேட்டீர்களா? தொலைந்தீர்கள். ஹெட்ஃபோனில் காதைக் கவ்வுகிற கிண்ணம் மூடின கிண்ணமாக இருக்க வேண்டும், ஏனென்றால் மண்டபத்துச் சத்தம் உள்ளே வரக் கூடாது. அந்தக் கிண்ணம் திரும்ப வேண்டும், ஏனென்றால் ஒரு காதில் மட்டும் வைத்துத் தோளில் இடுக்கிக்கொள்ள வேண்டும். திரும்புகிற கிண்ணத்துக்குக் கீல் இரும்பாக இருக்க வேண்டும், ஏனென்றால் திரும்புகிறதெல்லாம் ஒருநாள் உடையும். ஒயர் சுருள் ஒயராக இருக்க வேண்டும், அந்த ஒயர் கழற்றி மாட்டுகிற ஒயராகவும் இருக்க வேண்டும், ஏனென்றால் எந்தப் புண்ணியவானாவது அதில் தடுக்கி விழுவான், விழுந்தால் ஒயர் மட்டும் கழன்று வர வேண்டும், தலை கூடவே போகக் கூடாது. பஞ்சு மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும், ஏனென்றால் வியர்வை அதன் மேல்தோலைத் தின்றுவிடும். கேட்கிற டிரம்ஸ் நெஞ்சில் இடிக்க வேண்டும், ஆனால் காதில் இரைச்சலாகக் கூடாது. மூச்சு வாங்குகிறதா? அவருக்கு வாங்காது.

இந்த இனத்தில் முழு வளர்ச்சி பெற்ற ஒருவரை எனக்குத் தெரியும். பெயர் அலசல். பெற்றவர்கள் வேறு ஏதோ வைத்தார்கள். ஆனால் ஒரு குடை வாங்குவதற்கு அவர் மழைக்காலம் முழுவதும் கடை கடையாக ஏறி இறங்கி, கம்பியின் கனமென்ன, துணியின் நெசவென்ன என்று அலசி ஆராய்ந்து, கடைசியில் குடையோடு வீடு வந்து சேர்ந்த அன்றைக்கு வெயில் மண்டையைப் பிளந்ததைப் பார்த்த நண்பர்கள் வைத்த பெயர்தான் நிலைத்துவிட்டது. அவருக்கும் அதில் வருத்தமில்லை. பட்டம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

வேலை, லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில். புகார் போனை எடுப்பது. ஊரில் எந்தக் கட்டடத்தில் எந்த லிஃப்ட் நடுவழியில் நின்றாலும் உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் முதலில் கேட்கிற குரல் இவருடையதுதான். ஆறுதலான குரல். ஆனால் ஆறுதல் எங்கே போய் முடியும் என்பதுதான் சொல்ல முடியாது.

"ஹலோ! ஹலோ! லிஃப்ட் நடுவுல நின்னு போச்சுங்க! உள்ளே இருட்டா இருக்கு!"

"பதறாதீங்க சார், ஆள் கிளம்பியாச்சு. ஒண்ணு கேக்கட்டுமா? நீங்க போனைக் காதுல வெச்சுப் பேசறீங்களா, இல்லை ஹெட்ஃபோனா?"

"ஹெட்ஃபோன்தான். ஏன் சார், ஆபத்தா?"

"சேச்சே. குரல் அவ்வளவு சுத்தமா வருதே, அதான். என்ன மாடல் சார் அது?"

மாட்டிக்கொண்டவருக்கும் பொழுது போக வேண்டுமே, சொல்வார். பக்கத்தில் மாட்டிக்கொண்டவர் தன்னுடையது அதைவிட நல்லது என்பார். ஒரு அம்மாள் குறுக்கே புகுந்து, என் மருமகன் வாங்கினது ஆறே மாதத்தில் பஞ்சு உதிர்ந்துவிட்டது என்பார். மெக்கானிக் வந்து கதவை நெம்பித் திறக்கும்போது உள்ளே இருந்து, "இருங்க சார், ஒரு நிமிஷம், முக்கியமான விஷயம் ஓடிக்கிட்டிருக்கு," என்று பதில் வந்த கதையும் உண்டு.

இப்படி யாருக்கும் தொல்லையில்லாமல் ஓடிக்கொண்டிருந்த பிழைப்பில் ஒரு திருப்பம் வந்தது. தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று.

ஒரே தங்கை. பல் டாக்டரிடம் உதவியாளர். நாள் முழுக்க அடுத்தவர் வாயைத் திறக்கச் சொல்லிச் சொல்லி, தன் வாயையும் பட்டென்று திறந்துவிடுகிற சுபாவம் வந்துவிட்டது. வரவேற்புக்கு டிஜே ஏற்பாடு செய்வது பற்றி மாமியாராக வரப்போகிறவர் பேச்செடுத்ததும், "வெளியாள் எதுக்கு அத்தை? எங்க அண்ணனே டிஜேதானே!" என்று சொல்லிவிட்டாள். சொன்னது மாமியாரிடம் மட்டும் என்றாலும் பரவாயில்லை. மாப்பிள்ளையின் பெரியப்பா, அந்தக் குடும்பத்திலேயே சிரிக்கத் தெரியாத மனிதர், பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். "அப்படியா?" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அந்த 'அப்படியா' போதாதா? அன்றைக்கே அண்ணனுக்குப் போன்.

"அண்ணா, வாயை விட்டுட்டேன். அந்த வீட்டுல நான் பெருமையாச் சொன்ன முதல் விஷயமே நீதான். பெரியப்பா வேற 'அப்படியா'ன்னுட்டார். என் மானத்தைக் காப்பாத்திடு."

அலசலுக்குக் கண் கலங்கிவிட்டது. தன்னை டிஜே என்று வாய்விட்டுச் சொன்ன முதல் ஆள், உடன்பிறந்தவள்! "நீ கவலையே படாதே தங்கச்சி. இன்னைக்கே ஆரம்பிச்சுடறேன்," என்றார்.

ஆரம்பித்தார். எதை ஆரம்பித்தார் என்று நினைக்கிறீர்கள்? பயிற்சியையா? நண்பர் ஒருவர் தன் டிஜே கன்ட்ரோலரை, அதாவது இரண்டு பாட்டைக் கலந்து விடுகிற அந்தத் தட்டையான பெட்டியை, "வெச்சுப் பழகிக்கோ," என்று கொடுத்திருந்தார். அது சுற்றிய துணியோடு அலமாரிக்கு மேலே ஏறியது, இறங்கவே இல்லை. கேட்டால், "ஹெட்ஃபோன் வரட்டும். கண்டதை மாட்டிக்கிட்டுப் பழகினா காது கெட்ட பழக்கம் பழகிடும்," என்பார்.

அவர் ஹெட்ஃபோன் பார்க்கும் அழகைக் கடைத்தெருவில் போய்ப் பார்க்க வேண்டும். கடைக்குள் நுழையும்போதே நடை மாறிவிடும். கடைக்காரர் இவர் தலையைக் கண்டதும் பின்பக்கம் போய்விடுவார். கல்லாவில் இருக்கும் பெண், "அவர் உள்ளேதான் இருக்கார் சார், ஆனா இல்லைன்னு சொல்லச் சொன்னார்," என்று உள்ளதை உள்ளபடி சொல்லிவிடும். அலசல் அசர மாட்டார். உட்கார்ந்துவிடுவார். வேறு வழியில்லாமல் கடைக்காரர் வெளியே வந்ததும் சோதனை தொடங்கும். முதலில் முகர்ந்து பார்ப்பார். எதற்கென்று யாருக்கும் தெரியாது. பிறகு தலைப்பட்டையை இரண்டு கையாலும் பிடித்து, ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி ஒரு முறுக்கு. கடைக்காரர் கண்ணை மூடிக்கொள்வார். பிறகு கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிக் கீலின் ஓசையைக் கேட்பார். பிறகு மாட்டிக்கொண்டு, சாமி வந்தவர் மாதிரி தலையை இப்படியும் அப்படியும் உதறுவார். விழவில்லையா? நல்லது. குனிந்து உதறுவார். பக்கத்தில் சார்ஜர் வாங்க வந்தவர்கள் குழந்தையைத் தூக்கிக்கொள்வார்கள்.

"கீழே ஒரு தடவை போட்டுப் பார்க்கலாமா?"

"வாங்கினதுக்கப்புறம் எத்தனை தடவை வேணாலும் போட்டுப் பாருங்க சார்."

"வாங்கினதுக்கப்புறம் எவனாவது போடுவானா? என்ன பேசறீங்க!"

கடைசியில்தான் பாட்டு. அதுவும் ஒரே பாட்டு, எப்போதும் அதே பாட்டு. கண்ணை மூடிக் கேட்பார். பாடகர் வாயைத் திறப்பதற்குள் கழற்றிவிடுவார். அந்தப் பாட்டில் பாடுவது ஆணா பெண்ணா என்பது இன்றைக்கு வரைக்கும் அவருக்குத் தெரியாது. கழற்றியதும் ஒரு பெருமூச்சு. பிறகு அந்தத் திருவாய் மலரும்: "நல்லாத்தான் இருக்கு... ஆனா..." அந்த 'ஆனா'வுக்குப் பிறகு வாக்கியம் கிடையாது. எழுந்து போய்விடுவார். கடைக்காரர் மட்டும் அந்த 'ஆனா'வைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்து நிற்பார்.

சில கடைகளில் ஒருநாள் வைத்துப் பார்த்துத் திருப்பிக் கொடுக்கலாம் என்று ஒரு சலுகை இருந்தது. இருந்தது என்று சொல்கிறேன், கவனியுங்கள். இவருக்குப் பிறகு எடுத்துவிட்டார்கள். அப்படிக் கொண்டுவந்தவற்றை வீட்டில் சோதிக்கிற பொறுப்பு மனைவிக்கு. வெளிச்சத்தம் உள்ளே வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

"நான் இதை மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். நீ பக்கத்துல நின்னு சத்தமா கத்து," என்றார் அலசல்.

"என்னன்னு கத்தறது?"

"எதையாவது கத்து."

"எதை வேணாலுமா?"

"எதை வேணாலும்."

அந்த அம்மாள் முந்தானையைச் செருகிக்கொண்டார். மூச்சை நன்றாக இழுத்தார். "ஈரத்துண்டைக் கட்டில்ல போடாதீங்கன்னு சொல்லிச் சொல்லி என் தொண்டைத்தண்ணி வத்திப்போச்சு! எங்க அப்பா வந்தா மட்டும் உங்களுக்குத் தலைவலி வந்துடும், உங்க மாமா வந்தா பல்லெல்லாம் வெளியே வந்துடும்! அந்த மீசை உங்களுக்கு நல்லாவே இல்லை! நல்லா இருக்குன்னு நான் அன்னைக்குச் சொன்னது பொய்!"

அலசல் முகமெல்லாம் மலர்ந்து கட்டைவிரலை உயர்த்தினார். "ஒண்ணுமே கேக்கலை! பிரமாதம்!"

அன்று மாலை அந்த அம்மாளின் முகத்தில் இருந்த தெளிவைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரி என்ன தைலம் தேய்த்துக் குளித்தீர்கள் என்று கேட்டாள். "இன்னும் ரெண்டு மாடல் கொண்டுவாங்களேன், அதையும் பார்த்துடலாம்," என்று மனைவியே வற்புறுத்த ஆரம்பித்தார். விஷயம் கசிந்து, "அக்கா, எனக்கும் ஒரு தடவை," என்று பக்கத்து வீட்டுக்காரி வந்து, இவர் வண்டியை அவள் வாசலை மறித்து நிறுத்துவது பற்றிக் கத்திவிட்டுப் போனாள். வாடகை வாங்க வந்த வீட்டுக்காரர்கூட ஒரு கை பார்த்துவிட்டுப் போனார். எல்லோருக்கும் அலசல் கட்டைவிரலை உயர்த்திக்கொண்டே இருந்தார். இவ்வளவு பேர் தன் லட்சியத்துக்குத் துணை நிற்கிறார்களே என்று அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

வரவேற்புக்கு முந்தின நாள்வரை ஹெட்ஃபோன் வாங்கவில்லை. தங்கை போன் செய்துகொண்டே இருந்தாள். "பழகிட்டியா அண்ணா?" "கடைசிக் கட்டத்துல இருக்கேன்மா." அன்று கடைக்காரர் மேஜைமேல் இரண்டே இரண்டை வைத்துவிட்டு, "சார், என் பொண்ணுக்குக்கூட நான் இவ்வளவு மாப்பிள்ளை பார்க்கலை. இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு முடிவு பண்ணுங்க, இல்லைன்னா கடையை நீங்களே எடுத்துக்குங்க," என்றார். அலசல் அந்தி சாயும்வரை உட்கார்ந்து, எது அதிகம் இறுக்கியதோ, எது முறுக்கினாலும் உடையாதோ, எதை மாட்டினால் பக்கத்தில் பட்டாசு வெடித்தாலும் கேட்காதோ, அதை எடுத்துக்கொண்டார். கடையில் இருந்தவர்கள் எல்லோரும் கைதட்டினார்கள். கல்லாப் பெண் அழுதுவிட்டது.

விடிந்தால் வரவேற்பு. மறுநாள் மாலை மண்டபம் முழுக்க விளக்கு. மேடையின் ஒரு மூலையில் மேஜை போட்டு, அலசல் துணியைப் பிரித்துக் கன்ட்ரோலரை வைத்தார். அதன் முகத்தை அவர் முழுசாகப் பார்ப்பதே அப்போதுதான். ஸ்பீக்கர் கொண்டுவந்த மைக்செட்காரர் ஒயரை எல்லாம் செருகி, முதல் பாட்டைத் தானே ஓடவிட்டு, "இனிமே உங்க பாடு சார்," என்று பந்திக்குக் கிளம்பிவிட்டார். பாட்டு கிளம்பியது. கூட்டமும் கிளம்பியது. மாப்பிள்ளையின் நண்பர்கள் நடுவில் இறங்கிவிட்டார்கள், மாமியார் நின்ற இடத்திலேயே கைதட்டினார், பெரியப்பா மட்டும் கையைக் கட்டிக்கொண்டு தூண் மாதிரி நின்றார். தங்கை மேடையில் பூரித்துப்போய், "நம்ம அண்ணன்தான் அத்தை," என்று ஜாடை காட்டினாள்.

அலசல் ஹெட்ஃபோனை மாட்டினார். அடுத்த பாட்டைக் காதுக்குள் எடுத்தார். அடடா! அடடடா! டிரம்ஸ் நெஞ்சில் இடித்தது, இரைச்சல் கிடையாது, மண்டபம் என்று ஒன்று உலகத்தில் இருப்பதே தெரியவில்லை. இதற்காக அல்லவா இத்தனை நாள் அலைந்தது! கண்கள் தாமாக மூடிக்கொண்டன. தாளம் சேருகிற இடம் வந்தது. கன்ட்ரோலரில் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு குட்டிக் கட்டை உண்டு. மேலே தள்ளினால் பாட்டு மண்டபத்துக்குப் போகும், கீழே இழுத்தால் போகாது. மைக்செட்காரர் போகிற போக்கில் காட்டிவிட்டுப் போன கட்டையை இடது கையால் பிடித்துப் பழைய பாட்டைக் கீழே இழுத்தார். வலது கையால் புதியதை மேலே தள்ள வேண்டும். தள்ளினாரா? ஏன் தள்ள வேண்டும்? அவர் காதில்தான் அது இடி இடியென்று கேட்டுக்கொண்டிருக்கிறதே!

மண்டபம் கப்சிப்.

ஆடிக்கொண்டிருந்தவர்கள் தூக்கிய கை தூக்கியபடி நின்றார்கள். கரண்ட் போய்விட்டதா? இல்லை, விளக்கு எரிகிறது. என்ன செய்வதென்று யாருக்கும் தெரியாத அந்த நேரத்தில், பெரியப்பா கட்டிய கையை அவிழ்த்து, முன்னால் கோத்து, தலையைக் குனிந்து நின்றார். அவர் காலம் முழுக்கக் கூட்டங்களுக்குத் தலைமை தாங்கிய மனிதர்; திடீரென்று சத்தம் நின்றால் அது மௌன அஞ்சலி என்பது அவர் உடம்பிலேயே ஊறிப்போனது. அவர் குனிந்ததைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர் குனிந்தார். அவரைப் பார்த்து அடுத்தவர். மண்டபமே எழுந்து நின்று குனிந்துவிட்டது.

"யாருக்குங்க?" என்று ஒருவர் கிசுகிசுத்தார்.

"தெரியலை. பெரியவர் நிக்கிறார் பாருங்க. பேசாம நில்லுங்க."

பந்தியில் இருந்தவர்கள் பாதி இலையில், சாப்பிட்ட கையை உயர்த்திப் பிடித்தபடி எழுந்து நின்றார்கள். யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இத்தனைக்கும் நடுவில் மேடை மூலையில் அலசல் மட்டும் கண்ணை மூடி, இடுப்பை ஒடித்து, தோளைக் குலுக்கி, காற்றில் டிரம்ஸ் அடித்துக்கொண்டிருந்தார். மாமியார் மருமகள் காதில், "என்ன இருந்தாலும் இந்த நேரத்துல உங்க அண்ணன் இப்படி ஆடலாமா?" என்றார். தங்கைக்கு முகம் செத்துவிட்டது.

முதலில் ஓடியது மனைவிதான். கிட்டே போய், "என்னங்க! பாட்டு நின்னு போச்சு!" என்று காதருகில் கத்தினார். அந்தக் குரலின் அதிர்வு மட்டும் எங்கோ பழகிய சோதனையாகத் தோன்ற, அலசல் கண்ணைத் திறக்காமலே கட்டைவிரலை உயர்த்தி, "ஒண்ணுமே கேக்கலை! பிரமாதம்!" என்றார். மௌன அஞ்சலி நடுவில் அது மண்டபத்தின் கடைசி வரிசைவரை கேட்டது. மனைவி ஹெட்ஃபோனைப் பிடித்து இழுத்தார். வருமா? குனிந்து உதறினாலும் விழாததாகப் பார்த்து வாங்கியதல்லவா! மாப்பிள்ளையின் நண்பர்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தார்கள். பட்டை விரிந்தது, வளைந்தது, முறுக்கிக்கொண்டது, உடையவில்லை. கைவிட்டதும் பட்டென்று பழைய இடத்துக்கே போய் உட்கார்ந்தது. ரசிகர்கள் மேலே விழுந்து பாராட்டுகிறார்கள் என்று அலசல் இன்னும் வேகமாக ஆடினார்.

கடைசியில் தங்கையே வந்தாள். பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீரும் மூக்கில் கோபமுமாக. நோயாளியின் தாடையைப் பிடிக்கிற பிடியாக அண்ணன் தாடையை ஒரு கையால் பிடித்து, மறு கையால் ஒரு கிண்ணத்தை அப்படியே வெளிப்பக்கம் திருப்பினாள். திரும்பியது. அதற்காகத்தானே இரும்புக் கீல்!

"அண்ணா! சத்தம் வரலை!"

"எனக்கு வருதே!"

"உனக்கு வருது! எங்களுக்கு?"

அலசல் கண்ணைத் திறந்தார். மண்டபம் முழுக்கக் குனிந்த தலைகள். ஆட்டத்தை அப்படியே நிறுத்திவிட்டார். "ஐயையோ," என்று குரலைத் தாழ்த்தி, "யாரும்மா தவறிட்டாங்க?" என்றார்.

"என் மானம்!"

நிலைமை அப்போதுதான் புரிந்தது. கீழே கன்ட்ரோலரைப் பார்த்தார். ஏகப்பட்ட கட்டைகள், குமிழ்கள், மினுக் மினுக்கென்று பச்சையும் சிவப்புமாக விளக்குகள். ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தார். "இதுல... எதைத் தள்ளணும்?"

"உனக்குத் தெரியாதா?"

"நான் இன்னும் அந்தப் பக்கம் வரலைம்மா. ஹெட்ஃபோன் வரைக்கும்தான் ஆகியிருக்கு."

தங்கை ஒரு கணம் அண்ணனைப் பார்த்தாள். அழுவதா அடிப்பதா என்று முடிவு செய்ய முடியாத பார்வை. பிறகு வளையல் குலுங்க இரண்டு உள்ளங்கையையும் வைத்து, அந்தப் பெட்டியில் மேலே போகக்கூடியது எதுவெதுவோ அது அத்தனையையும் ஒரே தள்ளாக மேலே தள்ளினாள்.

இடி விழுந்தது மாதிரி பாட்டு வெடித்தது. தலைகுனிந்து, மறைந்துபோனவர் யாரோ அவருடைய ஆத்மா சாந்தியடைய மனதுக்குள் வேண்டிக்கொண்டிருந்த பெரியப்பா, நின்ற இடத்திலிருந்து ஒரு முழ உயரம் எகிறினார். இறங்கியவர் தடுமாறி, சமாளிக்க இன்னொரு தரம் எகிறினார். கையை இரண்டு பக்கமும் வீசினார். பின்னால் நின்றவர்கள் என்ன கண்டார்கள்? பெரியப்பா ஆடுகிறார்! பெரியப்பாவே ஆடுகிறார்! அவ்வளவுதான், மண்டபமே குதித்தது. பெரியவருக்கும் பாதியில் நிறுத்துவது கௌரவக் குறைச்சலாகப் பட்டிருக்க வேண்டும், தொடர்ந்து குதித்தார். பந்தியில் எழுந்து நின்றவர்கள் அங்கேயே ஆடினார்கள். கண்ணைத் துடைத்த அம்மாள் முந்தானையைச் சுழற்றினார்.

மாமியார் மூச்சிரைக்க மருமகளிடம் ஓடிவந்தார். "அம்மாடி! இந்த மனுஷன் ஆடி நான் பார்த்ததே இல்லை. அப்படியே அடக்கி, எல்லாரையும் அழவெச்சு, டப்புன்னு ஏத்திவிட்டாரே உங்க அண்ணன்! எங்கேம்மா கத்துக்கிட்டார் இந்த வித்தையெல்லாம்?"

"அதான் அன்னைக்கே சொன்னேனே அத்தை," என்றாள் தங்கை, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

பிறகு அவள் அண்ணனைப் பக்கவாட்டில் ஒரு தள்ளு தள்ளினாள். "போ, போய் பெரியப்பாகூட ஆடு. இங்கே நிக்காதே." ஹெட்ஃபோனை அவர் தலையிலிருந்து நெம்பிக் கழற்றிக் கொண்டையின்மேல் தானே மாட்டிக்கொண்டாள். மிச்ச வரவேற்பு முழுவதும் கல்யாணப்பெண்தான் பாட்டுப் போட்டாள். எதைத் தள்ளினால் எது போகிறது என்று இரண்டு தப்பில் கற்றுக்கொண்டாள். மாப்பிள்ளை பக்கத்தில் நின்று ஜூஸ் பிடித்துக்கொண்டிருந்தார். அலசல் பெரியப்பாவோடு கைகோத்து ஆடினார். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே ஆடினார்.

கூட்டம் கலைந்ததும் அலசல் தயங்கித் தயங்கித் தங்கையிடம் வந்தார். திட்டு விழும் என்று பயந்துதான் வந்தார். ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"எப்படிம்மா இருந்துச்சு?"

"எது, பாட்டா?"

"ஹெட்ஃபோன்."

தங்கை அதைக் கழற்றினாள். கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தாள். பட்டையை லேசாக ஒரு முறுக்கு முறுக்கினாள்.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள். "ஆனா..."

அலசல் ஓரடி கிட்டே வந்தார். உலகத்தில் தான் தனியாள் இல்லை என்று ஒரு மனிதனுக்குத் தெரிகிற நேரம் இருக்கிறதே, அது லேசான நேரமில்லை. "இடது பக்கம் கொஞ்சம் அமுக்குதில்ல?" என்றார்.

"ஆமாண்ணா! நாளைக்கு அந்தக் கடைக்குப் போவோமா?"

மாப்பிள்ளை கையில் காலி ஜூஸ் கிளாஸோடு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தப் பிள்ளைக்கு இனிமேல்தான் இருக்கிறது.

சரி, சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டேன். சிரித்தீர்களா? சந்தோஷம். நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம், வாங்க நினைத்ததைப் போய் வாங்கி வந்து வேலையைப் பார்க்கிறவர்கள் நாம், என்று புத்தகத்தை மூடப் பார்க்கிறீர்கள். மூடுங்கள். ஏன், மூடவில்லையா? ஏதோ உறுத்துகிறதா? இவ்வளவு நேரம் பேசினாரே, உடையாது என்றார், சத்தம் புகாது என்றார், டிரம்ஸ் நெஞ்சில் இடிக்கும் என்றார், கடைசியில் அந்த மனிதர் வாங்கியது எந்த மாடல் என்று மட்டும் சொல்லாமல் போகிறாரே என்றுதானே?

அப்படியானால் ஒன்று கேட்கிறேன். உங்களுக்குத் தங்கை உண்டா? இருந்தால் தயவுசெய்து இன்றைக்கே ஒரு போன் போட்டு, பாட்டுக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடுங்கள்.